அக்காவுக்கு விமானம் விளக்கினேன்

பிப்ரவரி 3, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் சபீனா என்றொரு பெண் இருந்தாள். காற்றழுத்தம் பற்றி நான் அரை மணி நேரம் நடத்தி முடித்ததும் எழுந்து நின்று, "டீச்சர், உங்களுக்கே புரியாததை எங்களுக்கு எப்படிப் புரியவைப்பீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வகுப்பே சிரித்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

இன்று ஞானவேல் மெல்போர்னிலிருந்து பேசியபோது ஏனோ அவள் நினைவு வந்தது. ஞானவேல் என் அக்கா நாகரத்தினத்தின் ஒரே மகன். அத்தான் இறந்த பிறகு அக்கா விருதுநகர் வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளை மெல்போர்னுக்கு அழைத்துக்கொள்ள டிக்கெட் எடுத்திருக்கிறான். இருபத்திரண்டாம் தேதி, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக. அக்கா ஏற மாட்டேன் என்கிறாளாம்.

"போன்ல எதையோ பார்த்துட்டாங்க சித்தி. இப்போ வர்ற பிளேன்ல பைலட் கைக்கும் இறக்கைக்கும் நடுவுல கம்பியே கிடையாதாம், எல்லாம் கம்ப்யூட்டராம், அதனால ஏற மாட்டாங்களாம். நீங்க பிசிக்ஸ் டீச்சர். உங்களை விட்டா யாரு இருக்கா?"

முகஸ்துதி என்று தெரிந்தும் தரையிலிருந்து ஓர் அடி மேலே எழும்பினேன். திருச்சிக்கு என் வீட்டுக்கு அனுப்பி வை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இன்னொன்றும் சொன்னான். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றான். அது அவர்கள் வீட்டு விவகாரம். இங்கே எழுதத் தேவையில்லை.

பிப்ரவரி 5, புதன்

அக்கா வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு பை, பை நிறைய காராச்சேவு. படி ஏறி வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்: "என்னடி செம்பா, என்னைப் பறக்கவைக்கப் போறியாமே?"

மாலையில் முதல் பாடம். கீழே வாட்ச்மேனின் சைக்கிளைக் கேட்டு வாங்கி நிறுத்தினேன். பிரேக்கைப் பிடித்துப் பார் என்றேன். பிடித்தாள்.

"இங்க பிடிச்சா அங்க கட்டை போய்ச் சக்கரத்தைக் கவ்வுது பாரு. நடுவுல என்ன இருக்கு?"

"கம்பி."

"பழைய விமானம் இவ்வளவுதான் அக்கா. பைலட் கைப்பிடியை இழுத்தா, கம்பி கப்பி வழியா ஓடி, வாலில் இருக்கிற தகட்டைத் தூக்கும். அதுல காத்து மோதும், வால் அமுங்கும், மூக்கு மேலே எழும்பும். இறக்கையிலயும் அப்படித்தான் தகடு இருக்கு, அது ஒரு பக்கம் சாய்க்கிறதுக்கு."

அக்கா பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டாள். "கையில கனம் தெரியுதுடி."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்காக முன்பெல்லாம் ஒரு வாரம் நடத்த வேண்டியிருக்கும். "அதேதான்! காத்து எவ்வளவு பலமா மோதுதுன்னு பைலட்டோட கைக்கே தெரியும். விமானம் பெருசாகப் பெருசாக மனுஷன் கைப்பலம் பத்தலை. அதனால எண்ணெயை அழுத்தித் தள்ளவைச்சாங்க, கார்ல பவர் ஸ்டியரிங் மாதிரி. ஆனாலும் கையில இருந்து புறப்பட்டது கம்பிதான்."

அப்போது பிச்சைமணி சார் வந்தார். முதல் மாடிக்காரர். இரண்டு வருடம் விமான நிலையக் கார் நிறுத்துமிடத்தை டெண்டர் எடுத்து நடத்தியவர். அன்றிலிருந்து வானத்தில் எது பறந்தாலும் எங்கள் அடுக்குமாடிக்கு அவர்தான் விளக்கம் தருவார்.

"அதெல்லாம் அந்தக் காலம் மேடம்! இப்போ பைலட்டுக்கு என்ன வேலை? பட்டனைத் தட்டிட்டுக் காபி குடிப்பான். மெஷின் கொண்டுபோய் விடும். மெஷின் விட்டா விட்டது, விடலைன்னா நம்ம விதி."

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் சொல்லலை?" என்றாள். ஒரு நாள் பாடம் அவர் வாயில் போயிற்று.

பிப்ரவரி 6, வியாழன்

கேஸ் வரவில்லை. அக்கா ஏஜென்சிக்குப் போன் போட்டு, நான் ஆறு மாதமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். மாலையில் சிலிண்டர் வந்தது. பாடம் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று புது விமானம். உதாரணத்துக்கு ஓட்டலை எடுத்துக்கொண்டேன்.

"பழைய விமானம்னா நீயே அடுப்படிக்குள்ள போய்த் தோசை ஊத்திக்கிற மாதிரி. புது விமானத்துல நீ மேசையில உட்கார்ந்திருக்கே. கைப்பிடி சர்வர். அது உன் விருப்பத்தைக் கேட்டு, கரண்ட் வழியா உள்ளே சொல்லும். உள்ளே மாஸ்டர் இருக்கார், அதுதான் கம்ப்யூட்டர். விமானம் என்ன வேகத்துல போகுது, எவ்வளவு உயரத்துல இருக்கு எல்லாத்தையும் பார்த்து, தகட்டை எவ்வளவு தூக்கணும்னு அவர் கணக்குப் போட்டுத் தூக்குவார். ஒரு மாஸ்டர் இல்ல, நாலஞ்சு பேர். ஒருத்தர் கணக்கு தப்பினா மத்தவங்க அவரை ஒதுக்கிடுவாங்க."

"நான் பத்து தோசை கேட்டா?"

"உன் வயித்துக்கு மூணுதான் தாங்கும்னு மாஸ்டருக்குத் தெரியும். மூணுதான் வரும்."

"சாப்பிட வந்தவ நான். அவன் யாருடி எனக்குக் கணக்குப் பார்க்க?"

"உன் பாதுகாப்புக்குத்தான்."

அக்கா காராச்சேவை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு, "புரிஞ்சுபோச்சுடி. எங்க வீட்டு மோட்டார்" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. போன வருடம் வந்தபோது ஞானவேல் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறான். மெல்போர்னிலிருந்தே போனில் ஓட்டலாம், நிறுத்தலாம். அக்கா சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும். மறுபடி போட்டாலும் ஓடாது. தண்ணீர் வீணாகிறதாம். "நான் சுவிட்சைப் போடறது சும்மா விண்ணப்பம் கொடுக்கிற மாதிரி. உத்தரவு அங்கேருந்து வரணும். அவன் மீட்டிங்கில இருந்தான்னா அன்னைக்கு எனக்குக் குளியல் கிடையாது."

மோட்டாரோடு போகவில்லை. கூடத்து மோட்டு வளையில் ஒரு கேமரா. அது பார்ப்பது மட்டுமில்லை, பேசவும் செய்யும். அக்கா ஸ்டூலைத் தொட்டால் போதும், மேலேயிருந்து குரல் வருமாம்: 'அம்மா, ஏறாதீங்க.'

"மொத நாள் உங்க அத்தான்தான் மேலேருந்து பேசறாருன்னு நினைச்சுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். அப்புறம் யோசிச்சேன், அந்த மனுஷனுக்கு என் மேல இவ்வளவு அக்கறை ஏது?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. இரவு படுத்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

அக்கா மோட்டாரையும் விமானத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டாள். அவிழ்க்க வேண்டும்.

தடுப்பது ஏன் நல்லது என்று விளக்கினேன். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும், விமானம் விழும். பதற்றத்தில் பைலட் கைப்பிடியை முழுக்க இழுத்தாலும் கம்ப்யூட்டர் பெட்டி அந்த எல்லையோடு நிறுத்திவிடும். அதனால் தப்பித்த உயிர்கள் உண்டு. சூடாக இருக்கும்போது குக்கர் மூடி திறக்காமல் இருப்பதில்லையா, அது போல.

"குக்கரை மூடினது நான்தானேடி. ஆவி அடங்கினா திறக்கப்போறவளும் நான்தான்" என்றாள்.

சரி, விமானத்திலும் இரண்டு விதம் உண்டு என்றேன். ஒரு கம்பெனி விமானத்தில் எல்லை வந்ததும் கைப்பிடி கனக்கும், வேண்டாம் என்று சொல்லும். அதையும் மீறி அழுத்தி இழுத்தால் பைலட் சொன்னபடி கேட்கும். இன்னொரு கம்பெனியில் எவ்வளவு இழுத்தாலும் எல்லையைத் தாண்டாது.

"ஞானவேலு ரெண்டாவது கம்பெனி."

போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாயே, அவனுக்குப் பயம் இருக்காதா என்று கேட்டேன். விழுந்ததும் உண்மை, பத்து நாள் நொண்டியதும் உண்மை. இதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் ஞானவேல் கெட்டவன் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

"கரண்ட் போயிட்டா?"

விருதுநகர்க்காரியிடமிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு இன்ஜினிலும் தனித்தனியாக மின்சாரம் பிறக்கும். அது போனால் வாலில் ஒரு சின்ன இன்ஜின். அதற்கும் மேல் பேட்டரி. எல்லாம் போனாலும் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு காற்றாடி தொங்கும், பறக்கிற வேகத்தில் அதுவே சுற்றி, கைப்பிடி வேலை செய்யும் அளவுக்குத் தரும். இது எல்லா விமானத்திலும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் ஏற்பாடு இப்படித்தான் என்றேன்.

"காத்தாடியா!" என்று அக்கா குழந்தை மாதிரி கேட்டாள். நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிச்சைமணி சார், கூப்பிடாமல் வந்திருந்தவர், "பிரமாதமா சொல்றீங்க மேடம். நீங்க எத்தனை தடவை பிளேன்ல போயிருக்கீங்க?" என்றார்.

அடுப்பில் வேலை இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஞானவேல் பேசினான். அம்மா மனம் மாறியாயிற்றா என்றான். பாதி தூரம் வந்துவிட்டாள் என்றேன்.

எழுதிவிடுகிறேன். விருதுநகர் வீட்டை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. அக்கா விமானம் ஏறிய மறுவாரம் பத்திரப் பதிவு. போன முறை வந்தபோது, வரி கட்ட, மின் இணைப்பைப் பெயர் மாற்ற என்று அக்காவிடம் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறான். விற்கவும் அதில் இடமிருக்கிறது. அக்கா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள், மகன் கேட்டால் வேறென்ன செய்வாள். டிக்கெட்டும் போவதற்கு மட்டும்தான். "இங்க வந்து பேத்தியைப் பார்த்தாங்கன்னா வீட்டு ஞாபகமே வராது சித்தி. பக்குவமா சொல்லிக்கலாம்."

நியாயம்தான். தனியாக இருக்கிறாள். எழுபத்து மூன்று வயது. விழுந்திருக்கிறாள். நியாயம்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஏண்டி, அந்தப் பெட்டி எதையெல்லாம் தராதுன்னு பைலட்டுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நல்லாத் தெரியும் அக்கா. அதைப் படிச்சு, தரையில மாதிரி விமானத்துல உட்கார்ந்து பழகித்தான் மேலே போவார்."

"பெட்டி தடுமாறினா?"

"அதையும் எதிர்ல திரையில காட்டிடும். இனிமே என்னால தடுக்க முடியாது, நீயே பார்த்துக்கோன்னு. அப்போ அவர் கை சொல்றது நேரா தகட்டுக்குப் போகும்."

"அப்போ எதையும் ஒளிக்காது."

"ஒளிக்காது."

"நல்ல பெட்டி" என்றாள். காம்பைத் தனியாக, இலையைத் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். உப்புக் கூடினால் ஊரைக் கூட்டுகிறவள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் சொல்லிவிட்டேன். வீடு, ஆள், பத்திரம், ஒருவழி டிக்கெட், எல்லாம். உதாரணம் எதுவும் கிடைக்கவில்லை. நேராகச் சொன்னேன்.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "ஒன்பது நாள் ஆச்சு உனக்கு" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பொங்கலுக்கு அப்புறமே தெரியும். ஒரு நாள் கூடத்துக் கேமரா வழியா என்கிட்ட பேசிட்டு, பேச்சை அணைக்க மறந்துட்டான். நான் பாட்டுக்குப் பயறு புடைச்சிக்கிட்டிருக்கேன், மேலேருந்து புருஷன் பொண்டாட்டி பேச்சு வருது. வீட்டைக் கொடுத்துட்டா அம்மா திரும்பிப் போறேன்னு சொல்ல மாட்டாங்கன்னு அவன் சொல்றான். சுகன்யா சொல்றா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு. மருமக கேக்கச் சொல்றா. கூடப் பொறந்தவ நீ, எனக்குப் பிரேக் கம்பியைக் காட்டிக்கிட்டிருக்கே."

நான் அழுதேன். அக்கா அழவிட்டாள்.

"அப்போ பிளேன் பயம்?"

"என்ன பயம்? ஏத்தும், எறக்கும். எனக்கு நாள் வேணுமாயிருந்துச்சு. ஊர்ல என் பக்கம் யாரு இருக்கான்னு தெரியணும். பயம்னு சொன்னா உன்கிட்ட அனுப்புவான்னு தெரியும். நீ சொல்றியா, பாடமே நடத்திக்கிட்டிருக்கியான்னு பார்க்கலாம்னுதான் வந்தேன்."

முப்பத்து நான்கு வருடம் நான்தான் தேர்வு வைத்தேன். எனக்கு ஒருத்தி வைத்தாள். ஒன்பது நாள் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"ஆனா அந்தக் காத்தாடி நல்லாருந்துச்சு" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக்காட்டினாளா தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள். விருதுநகர்

முதல் பஸ். சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்து பதிந்தாள். இரண்டு சாட்சியில் நான் ஒருத்தி. இந்த முறை வரி விடாமல் படித்து, உரக்கவும் படித்து, அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் மோட்டு வளை பேசியது.

"அம்மா? நீங்க ஏன் வீட்ல இருக்கீங்க? சித்தி வீட்லதானே இருக்கணும்?"

"பத்திர ஆபீசுக்கு வந்தேன்டா. உனக்கு எழுதிக் கொடுத்ததை ரத்து பண்ணிட்டேன்."

மேலேயிருந்து குரல் வந்தது. அது மெல்போர்னில் இருக்கும் பெரிய அதிகாரியின் குரலாக இல்லை. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனின் குரல்.

"உங்க நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்."

"நல்லதுதான்டா. நான் இல்லைங்கலை. அதை என்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சா என்ன?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"வேண்டாம்னு சொல்றதுக்கும் சேர்த்துத்தான்டா கேக்கறது."

"நீங்க மறுபடியும் விழுந்தா, நான் வந்து சேர ஒரு நாள் ஆகும்மா" என்றான். குரல் உடைந்தது. அக்காவின் முகமும் கொஞ்சம் மாறியது.

"விழாம இருக்கப் பார்க்கிறேன். குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி போட்டுக் கொடு, வேண்டாங்கலை. வீட்டை விக்கணும்னா நானே ஒரு நாள் சொல்றேன், அப்போ வித்துக்கோ. இப்போ டிக்கெட்டை மாத்து. வர்றதுக்கும் சேர்த்துப் போடு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நான் இங்க இருக்கணும்."

"அப்போ வர்றீங்களா? பயம்?"

"உன் சித்தி போக்கிட்டா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அதைவிட ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 18, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாருக்கு, பெட்டியைத் தாண்டி நேராக ஓட்டும்படி ஒரு சுவிட்ச் வைத்தார். தொட்டி நிரம்பி வழிந்தது. அக்கா நிறுத்தவில்லை, நின்று பார்த்தாள். வீண்தான். நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி

பிச்சைமணி சார் காரில் கொண்டுபோய் விட்டார். கார் நிறுத்துமிடத்துக்குள் போகும் வழியைத் தவறவிட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கள் இருவருக்கும் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டோம்.

வாசல் வரைதான் எனக்கு அனுமதி. அங்கே சீருடை போட்ட ஒரு பெண் சக்கர நாற்காலியோடு காத்திருந்தாள்.

"நாகரத்தினம் அம்மாதானே? உங்க பேருக்கு வீல்சேர் போட்டிருக்கு. உட்காருங்கம்மா."

"யாரு போட்டது?"

"டிக்கெட்லயே இருக்கும்மா. உங்க பையன் போட்டிருப்பார்."

உட்கார்ந்துகொள் அக்கா, உள்ளே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அக்கா நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு சேவுப் பையை அதில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டாள்.

"நொறுங்காம தள்ளும்மா. நான் கூடவே நடந்து வரேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? காராச்சேவு முன்னால் ராணி மாதிரி போயிற்று. அக்கா பக்கத்தில் கையை வீசிக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கதவு வரை பார்த்தேன். எனக்காக ஒரு தடவை திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. அவள் கவனமெல்லாம் சேவு மேல் இருந்தது.

இதை யாராவது என்றைக்காவது படித்தால், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க எனக்குப் பழக்கமில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த வாரம் எதையாவது செய்து கொடுக்க நினைப்பீர்கள். செய்வதற்கு முன், "இது உங்களுக்கு வேணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மனதுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள்.